பாக்கியம் பிரித்து வைத்த கிண்ணங்கள்

சுவைக் கரைசல் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் தராசைப் பற்றித்தான் கேட்பீர்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்வேன். இனிப்புக்குச் சர்க்கரை, உவர்ப்புக்கு உப்பு, புளிப்புக்கு எலுமிச்சை அமிலம், கசப்புக்குக் கொய்னா என்று நிறுத்துப் போடுவது யாருக்கும் சீக்கிரம் பழகிவிடும். தண்ணீர்தான் ஆளைக் கவிழ்க்கும். ஐம்பதுகளில் நான் திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரிக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் பையன்கள் தைரியமாக ‘உப்பு’ என்று எழுதினார்கள். சரி என்று காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டேன். சர்க்கரையே போடாத வெறும் வடித்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிலர் கசக்கிறது என்றார்கள். கடைசியில் ஊருக்கு வரும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்து அதில் போட்டேன். அன்றிலிருந்து பிரச்சினை இல்லை. தினமும் எதைக் குடித்துப் பழகியதோ அதைத்தான் நாக்கு வெறும் தண்ணீர் என்று ஒப்புக்கொள்கிறது.

நான் அங்கே விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது செய்முறை வகுப்பு நடத்துபவள். கரைசல்கள் தயாராகும் சிறிய அறை என் பொறுப்பில் இருந்தது. பொம்பளை நிற்கும் இடம் என்பதால் அதற்குக் ‘கிச்சன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நானும் கோபித்துக்கொள்ளவில்லை, கிச்சன் என்றால் கிச்சன் மாதிரியே நடத்தினேன். நாக்கில் படும் சாமான்கள் ஒரு அலமாரி, பார்மலின் வாடை படும் சாமான்கள் வேறு அலமாரி. இரண்டையும் கலந்தவர் யாராக இருந்தாலும் என் வாயில் விழுந்து எழ வேண்டும். என் நாக்கில் ஒரு சொட்டுப் படாமல் எந்தச் சுவைக் கரைசலும் அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. சமைத்தவள் ருசி பார்க்காமல் பரிமாறலாமா?

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பேராசிரியர் ஒரு வெள்ளைப் பொடியை வரவழைத்தார். பி.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்வோம். அதன் விசேஷம் என்னவென்றால், சிலருக்கு அது நாக்கில் பட்டதுமே குடலைப் புரட்டும் கசப்பு. சிலருக்கு வெறும் தண்ணீர். இந்தக் கசப்பு தெரிவதும் தெரியாததும் பிறவியிலேயே வருவது. அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்காவது கசப்புத் தெரிந்தால்தான் பிள்ளைக்கும் தெரியும். இருவருக்குமே தெரியாவிட்டால் பிள்ளைக்கும் தெரியாது. அன்றைய புத்தகங்களில் இப்படித்தான் போட்டிருந்தது. நாங்களும் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட்டோம், மாணவர்களும் அப்படியே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினார்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் துக்கமெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

பேராசிரியர் எங்களைப் பக்கத்து ஊரான எரியோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் எத்தனை பேருக்குக் கசப்புத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நான் சொட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே போனேன். ஒருவருக்கும் கசக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்து என் நாக்கில் விட்டுப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து நின்றவள் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு நடுவயதுக்காரி. சொட்டு விட்டேன். அவள் முகம் கோணியது, தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு தாயி.”

“கசக்கலையா?”

“அம்புட்டுத் தூரத்துல இருந்து எங்களுக்குன்னு கொண்டாந்து குடுக்குறீக. அதப் போயி கசக்குதுன்னு சொல்லுவாகளா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு.”

பேராசிரியர் அன்று எங்களைப் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் பஸ்ஸில் வைத்து, “வாயைக் கேட்டா மரியாதைதான் பதில் சொல்லும். அவங்க கையைக் கேக்கணும்” என்றார். அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரே மாதிரி எட்டுக் கிண்ணங்கள். நான்கில் பி.டி.சி. கரைசல், நான்கில் அதே பானையில் கொதித்து ஆறிய தண்ணீர். எது எங்கே என்று தெரியாமல் கலைத்து வைக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொன்றாக ருசி பார்த்துத் துப்பிவிட்டு, ஒரு வகையை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் பிரித்து வைக்க வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கசப்புத் தெரியாதவர் தலைகீழாக நின்றாலும் நான்கையும் சரியாகப் பிரிப்பது அபூர்வம்.

கிண்ணம் வாங்க நான்தான் பேகம்பூருக்குப் போனேன். பீங்கான் கடை பாய் என் முறைப்பைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, விருந்து பெருசோ? ஒவ்வொண்ணையும் இப்பிடிச் சந்தேகமாப் பாக்குறீங்க” என்றார். ஒன்றுக்கொன்று ஒரு கீறல்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது என்றேன். அவர் விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அடியில் மட்டும் எனக்கென்று சின்னக் குறி போட்டுக்கொண்டேன்.

இனி கதிரேசனைப் பற்றிச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த இன்னொரு டெமான்ஸ்ட்ரேட்டர், என்னைவிட இளையவன். எரியோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். அவனுக்குப் பி.டி.சி. கசக்காது, துறையில் எல்லோரும் அதை வைத்து அவனைக் கேலி செய்வோம். நல்ல பையன். சிரித்துக்கொண்டே இருப்பான், மாணவர்களுக்கு அவன் வகுப்பு என்றால் உயிர். மனைவி பாக்கியம் நிலக்கோட்டைப் பெண், மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த வீடு. செல்வி என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே வாடகை வீடு. மதியம் அவன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தால், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தின் வாசனை என் மேஜை வரைக்கும் வரும். “என்னக்கா பாக்குறீங்க, எடுத்துக்கிடுங்க” என்று மூடியில் எனக்கும் வைப்பான்.

ஒரு திங்கட்கிழமை சிரிப்போடு கிச்சனுக்குள் வந்தான். ஊரில் திருவிழா முடிந்து திரும்பியிருந்தான்.

“அக்கா, திட்டக் கூடாது. ஒரு சின்ன சீசாவுல பி.டி.சி.ய ஊருக்குக் கொண்டு போயிட்டேன்.”

“ஏன்டா, அது என்ன திருநீறா? கையோட கொண்டு போறதுக்கு?”

“கேளுங்கக்கா. சாப்பிட்டு எல்லாரும் வாசல் முத்தத்துல உக்காந்திருந்தாக. ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன். எங்க அம்மாவுக்குக் கசக்கல. அண்ணனுக்குக் கசக்கல, சித்தப்பாவுக்குக் கசக்கல. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் நாக்குங்கிறதே இல்ல! பாக்கியத்துக்கும் விட்டேன், அவளும் ஒண்ணுமில்லைன்னுட்டா. கடைசியில செல்விக்கு ஒரு துளி தொட்டு வச்சேன் பாருங்க, தூ தூன்னு துப்பிட்டு, அவ அம்மா சேலையில நாக்கத் துடைச்சுக்கிட்டு, ஊரையே கூட்டிட்டா...”

குழந்தை துடைத்துக்கொண்டதை நடித்துக் காட்ட நாக்கை வெளியே நீட்டியவன் அப்படியே நின்றான். அவன் கையில் அன்றைய வகுப்புக்கான சுண்ணக்கட்டி இருந்தது. மேலே வகுப்பில் போய் அவன் எழுதவேண்டிய வரி எது என்று எனக்கும் தெரியும். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் கண்ணில் ஒன்றும் இல்லை. நான் சட்டென்று, “குழந்தை நாக்குல போயி விடுவியா? அறிவிருக்கா?” என்று சத்தம் போட்டேன். அவன் சுண்ணக்கட்டியோடு மாடிக்குப் போய்விட்டான். அன்று வகுப்பில் அவன் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவன் கேரியர் வராமல் போயிற்று. டீக்கடையில் பன்னைத் தின்றுவிட்டு வந்தான். சிரிப்பு நின்றது. நான் எத்தனையோ தரம் அவனை உட்கார வைத்துப் பேச நினைத்தேன். எப்படித் தொடங்குவது? அவன் மனதில் ஓடுவது என்ன என்று நான் சொல்லிவிட்டால், அது வெளியே வந்த பேச்சாகிவிடும்.

கடைசியில் அவனே வந்தான். கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, எட்டுக் கிண்ணமும் கரைசலும் வேணும். வீட்டுக்கு” என்றான்.

“எதுக்கு?”

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். அதனாலதான் கேக்குறேன். கதிரேசா, எரியோட்டுல அந்தப் புல்லுக்கட்டுக்காரி என்ன சொன்னா? உங்க ஊருதானே அது? நல்லாத்தான் இருக்குன்னு சொல்லலையா?”

“அது வெளியாளுகிட்ட மரியாதைக்கா. புருஷன்கிட்ட என்ன மரியாதை?”

“புருஷன்கிட்டதான்டா. மாமியா முன்னால உக்கார வச்சுப் புருஷன் கேட்டா என்ன சொல்லுவா?”

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். “தப்புன்னு தெரியுதுக்கா. அவ மேல ஒரு குறை சொல்ல முடியாது. யாரையாவது நெனச்சுச் சந்தேகப்படுறேனான்னா அதுவும் இல்ல. ஆனா செல்வியத் தூக்குறப்பல்லாம் அவ மூஞ்சில என் சாடையத் தேடுறேன். அத நிறுத்த முடியல” என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது. அவன் மீது எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் வடிந்துபோனது.

நான் கிண்ணம் தரவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். அவள் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். செல்வி நார்களைப் பொறுக்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து மெதுவாக, “என்னமோ சொட்டு விட்டானாமே” என்றேன்.

பாக்கியம் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ அக்கா, என்னா கசப்புங்கிறீக! வேப்பங்கொழுந்த அரைச்சு அடித்தொண்டையில அப்புனாப்புல இருந்துச்சு. வெளிய ஓடிப் போயித் துப்பணும் போல இருக்கு. துப்ப முடியுமா?”

“அப்ப ஏன் ஒண்ணுமில்லைன்னு சொன்னே?”

“அத்தைக்குக் கசக்கல. பெரிய மச்சானுக்குக் கசக்கல. வீடே கசக்கலங்கிது. வாக்கப்பட்டு வந்தவ நான் ஒருத்தி கசக்குதுன்னு சொன்னா, அவ நாக்கப் பாரு, நம்ம வீட்டுத் தண்ணி அவளுக்குக் கசக்குதும்பாக. எதுக்கு வம்பு? அவுக கையால குடுத்தாக, முழுங்கிட்டேன். புள்ள அழுதப்ப நானும் சேந்து அழுகலாம் போல இருந்துச்சு.” பிறகு முகம் மாறி, “அவுக ஏன்க்கா இப்பல்லாம் வீட்டுல சரியாவே சாப்பிடுறதில்ல? காலேஜுல எதுவும் பிரச்சினையா?” என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவில் நடக்கும்போது எனக்கு அவ்வளவு லேசாக இருந்தது. சும்மா ஒரு வார்த்தைதானே, நாளை காலை சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன்.

காலையில் சொன்னேன். ஒரு நொடி அவன் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

“நீங்களாப் போயிக் கேட்டீங்களா? நீங்க கேட்டதும் அவ கசந்துச்சுன்னாளா?”

“ஆமா. எப்பிடிக் கசந்துச்சுன்னுகூடச் சொன்னா.”

“உங்க முகத்தப் பாத்து எதாவது புரிஞ்சிருக்கும்க்கா. அன்னிக்கு எங்க எல்லாருக்கும் ஏத்த மாதிரி ஒண்ணு சொன்னா. நேத்து உங்களுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லியிருப்பா. நீங்கதானே சொன்னீங்க, மரியாதைக்குச் சொல்லுவாகன்னு.”

நான் அவளைக் காப்பாற்ற எடுத்த வாதத்தையே அவன் என் கையில் திருப்பிக் கொடுத்தான். இனி அவள் எதைச் சொன்னாலும் அவனுக்கு நம்பிக்கை வராது. வார்த்தை என்ற வழி அடைபட்டுவிட்டது, மிச்சம் இருந்தது கிண்ணங்கள்தான்.

பிள்ளைகளே, நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். முடியாது என்று கதவைச் சாத்தியிருக்கலாம். அவன் அரைகுறையாகத் தானே ஒரு கரைசலைப் போட்டுக் கொண்டு போய்க் கொடுப்பான், அது தப்பினால் அவள் கதி என்ன? பேராசிரியரிடம் போயிருக்கலாம். அப்புறம் ஒரு பெண்ணின் மானம் துறை முழுவதும் உருளும். அவளுக்குக் கசப்புத் தெரியும் என்று எனக்கு நிச்சயம். அதனால் ஒப்புக்கொண்டேன். கரைசல் நான் போடுவேன், நானே கொண்டு வருவேன், எதற்கு என்று அவளிடம் நீ முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றான். இரண்டு நாள் கழித்துச் சொல்லிவிட்டேன் என்றான்.

என் வேலைக் காலத்தில் எத்தனையோ கரைசல் போட்டிருக்கிறேன், அதற்கு யோசித்ததைப் போல் எதற்கும் யோசித்தது கிடையாது. எந்தப் பலத்தில் போடுவது? முழுப் பலத்தில் போட்டால் கல்லுக்கும் கசக்கும், பிறகு அவன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். ரொம்ப நீர்க்கப் போட்டால் கசப்புத் தெரிந்தவளே தடுமாறுவாள். பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, ஒவ்வொரு படியிலும் என் நாக்கில் வைத்துப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தினேன். அப்போது ஒரு சபலமும் வந்தது. கசப்புள்ள கிண்ணங்களின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஈரம் விட்டு, அவளுக்கு ஒரு ஜாடை சொல்லிவிட்டால் என்ன? பெண்ணுக்குப் பெண் செய்யும் உதவி. செய்யவில்லை. களவாகக் கிடைத்த பதிலால் அவளுக்கு என்ன நிம்மதி வரும்? ஒரே பானைத் தண்ணீர், ஒரே சூடு, ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து கூடையை எடுத்துக்கொண்டு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பாக்கியம் தலைக்குக் குளித்து ஈரத்தோடு இருந்தாள். பாயில் கிண்ணங்களைப் பரப்பினேன். “இது எதுக்குக்கா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் சொல்லவில்லை. நான் அவனைப் பார்த்தேன், அவன் குழந்தையைப் பார்த்தான்.

“காலேஜுக்குத்தான். சும்மா. ருசி பாத்துத் துப்பிட்டு, கசக்குறத ஒரு பக்கம், மத்தத ஒரு பக்கம் வையி” என்றான்.

எல்லாவற்றையும் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் முதல் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். சந்தோஷமாக எடுத்தாள். மாமியார் இல்லை, மச்சான் இல்லை, இந்தத் தடவை தாராளமாகத் துப்பலாம். ருசி பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், துப்பினாள், வாய் கொப்பளித்தாள், இடது பக்கம் வைத்தாள். அடுத்தது வலது பக்கம். ஒரு கிண்ணத்தையும் இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கவில்லை. “இதுவா? சை!” என்று சிரித்தாள். செல்வியும் அம்மாவைப் பார்த்து “சை, சை” என்றது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் முடித்ததும் கதிரேசன் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணமாகத் தூக்கி அடியில் என் குறியைப் பார்த்தான். எட்டும் சரி. கடைசிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உடைந்து அழுதான். அப்படி ஒரு ஆண் அழுது நான் பார்த்ததில்லை.

“பாக்கியம், என்னைய மன்னிச்சிரு. மன்னிச்சிரும்மா.”

“என்னாங்க, என்ன ஆச்சு? எதுக்கு மன்னிப்பு?” அவள் பதறிப்போய் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் அவன் வாயை மூடியிருந்தால் அவளுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். நிம்மதி வந்துவிட்டவனுக்குக் கண் தெரியுமா? அந்தத் திங்கட்கிழமையிலிருந்து மனதில் கிடந்த அத்தனையையும் கொட்டினான். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது, பிள்ளைக்குக் கசந்ததும் அவனுக்கு என்ன தோன்றியது, ஏன் சாப்பிடவில்லை, எல்லாவற்றையும். அவள் கை அவன் தலையிலிருந்து மெதுவாக விலகி மடிக்கு வந்தது.

குழந்தையை இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்தாள். பிறகு கிண்ணங்களைப் பார்த்தபடி சொன்னாள்.

“என் நாக்கக் கேட்டீங்க. அது சொன்னத நம்பிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே.”

“பாக்கியம்...”

“நாக்கு மட்டும் தெரியாம ஒரு கிண்ணத்த மாத்தி வச்சிருந்தா?”

அவன் கையிலிருந்த கடைசிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் எழுந்து எட்டுக் கிண்ணங்களையும் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து, என் கூடையில் அடுக்கினாள். “உங்க சாமான் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்கக்கா” என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று பகல் பஸ்ஸிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலக்கோட்டைக்குப் போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் வந்த புத்தகங்களில் அந்த வரி மாறிவிட்டது. அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது, கசப்புத் தெரியாத இருவருக்கும் தெரிகிற பிள்ளை பிறப்பதுண்டு என்று எழுதினார்கள். அதாவது பாக்கியத்துக்கு அன்று உண்மையிலேயே கசக்காமல் போயிருந்தாலும் அதில் ஒன்றுமில்லை. அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். நாம் கரும்பலகையில் எழுதுகிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவன் வீட்டுக்குக் கொண்டு போகிறான். கரைசலைப் பூட்டி வைக்கலாம், வகுப்பில் சொன்னதைப் பூட்டி வைக்க முடியாது. அதனால்தான் சுவைப் பரிசோதனையில் அம்மா அப்பாவை இழுக்காதீர்கள் என்று உங்களிடம் தலையில் அடித்துக்கொள்கிறேன். உங்களுக்கு எரிச்சலாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பாக்கியம் திரும்பி வந்தாள். மழைக்காலம் முடிந்ததும் அவள் அப்பா கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். கதிரேசன் அவர் காலில் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். கேரியர் மறுபடியும் வந்தது, வெஞ்சனம் பழைய ருசியில் இருந்தது. தெருவில் மூன்று பேரும் சேர்ந்து போவதைப் பார்த்து நான்கூட, ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், சௌக்கியமா என்பாள். வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

சில வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம் நான் மறுநாள் வகுப்புக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கதிரேசன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தலையில் நரை விழ ஆரம்பித்திருந்தது. செல்வி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைச் சொன்னான். பிறகு பானையிலிருந்து ஏறும் ஆவியைப் பார்த்தபடியே பேசினான்.

“அன்னிக்குப் பூச்சந்தையில நல்ல மல்லி கெடச்சுச்சுக்கா, வாங்கிட்டுப் போனேன். நல்லா இருக்கான்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்குன்னா. மூணாம் வருஷம் எடுத்த சேல, அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு. என் கூட இருக்கது உனக்குச் சந்தோஷமா இருக்கான்னு ஒரு நாள் வாய்விட்டே கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னா?”

“நல்லாத்தான் இருக்குன்னா.”

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நான் அடுப்பை அணைத்தேன். அலமாரியில் எட்டுக் கிண்ணங்களும் கவிழ்ந்திருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“அவ நெசமா சொல்றாளா, முழுங்கிட்டுச் சொல்றாளான்னு எனக்குத் தெரியலக்கா” என்றான். “இனிமே கேக்கவும் முடியாது.”